தலையாட்டாத பொம்மை

இது கட்டிவிட்ட கதை இல்லை. அந்தக் கண்ணாடித் தகடு இன்னும் அனீஸாவின் பீரோவில், கறுப்புத் துணி சுற்றியபடி இருக்கிறது. ஒருமுறை பார்த்தவர்கள் மறுமுறை கேட்டதில்லை.

1997. தஞ்சாவூரில் ஒரு கல்லூரியின் லேசர் ஆய்வுக்கூடம். லாரி டியூபுகளின் மேல் ஒரு பலகைப் பெட்டி, அது நிறையக் காவிரி மணல், மணலில் நட்ட கண்ணாடிகள். லட்சங்கள் விலையுள்ள, அதிர்வு தாங்கும் வெளிநாட்டு மேசைக்குப் பதிலாக அனீஸா யோசித்துக் கட்டியது. அதன்மேல் ஹாலோகிராம் எடுப்பார்கள். லேசர் ஒளி வரையும் முப்பரிமாணப் படம். துளி அசைந்தாலும் அந்த இடம் கறுப்பாகிவிடும்.

"மூச்சு விடாதடி, மணல் கோச்சுக்கும்" என்று சிரிப்பாள், கூட ஆராய்ச்சி செய்த ஹம்சத்வனி. அவள் வலது கட்டைவிரலில் சால்டரிங் கம்பி சுட்ட பிறைத் தழும்பு. மருந்து போட்டுவிட்டவள் அனீஸா.

ஜெர்மனி போனதும் ஹம்சத்வனி அந்த மேசையைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டாள். அதில் அவள் பெயர் மட்டும் இருந்தது. "உன் பேரையும் சேர்த்துத்தான்டி போடுவேன்" என்று முன்பு அவள் சொன்னபோது அனீஸா தலையாட்டியிருந்தாள்.

இப்போது, அனீஸாவின் ஆராய்ச்சியைச் சோதிக்க மறுநாள் தேர்வுக் குழு வருகிறது. மேசை யாருடையது என்று காட்டியாக வேண்டும். படம் பதியும் கண்ணாடித் தகடு மிச்சம் ஒன்றே ஒன்று. அனீஸா வீம்பாக ஒரு தலையாட்டி பொம்மையை மணலில் வைத்தாள். முன்பு ஹம்சத்வனியும் அவளும் எத்தனை முறை முயன்றும் அதன் தலை கறுப்பாகத்தான் வந்திருக்கிறது. அதையே எடுத்துக் காட்டிவிட்டால் அப்புறம் பேச்சில்லை. பொம்மையின் காலடியில் ஒரு சீட்டு: அனீஸா.

"வேற பொம்மையா கிடைக்கல? இது சொன்ன பேச்சு கேக்காதும்மா" என்றார் உதவியாளர் இராஜாங்கம்.

"இதுதாண்ணே வேணும். கதவைச் சாத்துங்க."

வெளியே உச்சி வெயில். உள்ளே குருட்டு இருட்டு.

டக்... டக்... பொம்மையின் தலை. அது அடங்கக் காத்திருந்தாள்.

டக்...

சட்டென்று நின்றது. அடங்கி நின்றதுபோல் இல்லை. பிடித்து நிறுத்தியதுபோல் இருந்தது.

எதிர்ப்பக்கம் மணல் மெல்லச் சரிந்தது. சர்ர்ர்...

"யாரு?"

 மூச்சுச் சத்தம்கூட இல்லை.

லேசரைத் திறந்து தகட்டில் படம் பதித்தாள். சிவப்பு வெளிச்சத்தில் பொம்மை மட்டும்தான்.

தகட்டைக் கழுவி உலர்த்தி ஒளியில் பிடித்தாள். தலை பதிந்திருந்தது! கண், மூக்கு, பொட்டு எல்லாம் துல்லியம். சிரிப்பு வந்தது.

பிறகுதான் பார்த்தாள்.

தலையைப் பிடித்தபடி ஓர் இடக்கை. சீட்டின் மேல் ஒரு வலக்கை.

கட்டைவிரலில் பிறைத் தழும்பு.

உயிருள்ள கை இதில் பதியாது. நாடித் துடிப்பே அதைக் கறுப்பாக்கிவிடும். இந்தக் கையில் ரேகை வரை தெரிந்தது.

இராஜாங்கம் கதவைத் தட்டினார். "போன்மா... ஹம்சாம்மாவோட அப்பா."

போனில் நாகேஸ்வரன் சாரின் குரல் உடைந்திருந்தது. "நேத்து ராத்திரியே போயிட்டாளாம், அனீஸா. அங்க ரோட்டுல கார் மோதி... இப்பதான் தகவல் வந்தது."

அவள் மறுபடி தகட்டின் முன் வந்து நின்றாள். ஹாலோகிராமைச் சாய்த்தால் மறைந்திருப்பது தெரியும். இடப்பக்கம் சாய்த்தாள். வலப்பக்கம். மேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

எப்படிச் சாய்த்தாலும்... அந்தக் கட்டைவிரல் கூடவே நகர்ந்து, அவள் பெயரை மூடியது.