படகு இல்லாத கட்டம்

தேவசிகாமணி சாரிடம் வெறுங்காகிதத்தைக் கொடுத்தாலும் அதிலிருந்து பத்துக் கருத்து எடுத்துவிடுவார் என்பார்கள், பாளையங்கோட்டையில் அவரிடம் ஆங்கில இலக்கியம் படித்தவர்கள். கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் மட்டும்தான். வேலை நிரந்தரமாகும் என்று காத்திருந்தே தலை நரைத்துவிட்டது. ஆனாலும் வகுப்புக்குள் நுழைந்துவிட்டால் மனிதர் ராஜா. தெரியாது என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை.

இந்த வருஷம் பாடத்தில் ஒரு படக்கதைப் புத்தகம் வந்தது. வளைகுடாவை ஒட்டிய ஒரு நாட்டில், புரட்சி நடந்த காலத்தில் வளர்ந்த பெண்ணொருத்தி தன் சிறுவயதைக் கட்டம் கட்டமாக வரைந்து எழுதியது.

"சார், இது காமிக்ஸ்லா!" என்று பையன்கள் சிரித்தார்கள்.

"சிரிங்கலே, பரீட்சைல வரும்" என்றார்.

அன்றைக்கு நடத்தியது புத்தகத்தில் துறைமுகம் வருகிற பக்கம். ஒரு கட்டத்தில் படகுகள் நிற்கின்றன, குண்டு விழுகிறது. அடுத்த கட்டத்தில் வெறுங்கடல். "படகு போச்சுன்னா, அந்தப் பிள்ளையோட குழந்தைப்பருவமே போச்சுன்னு அர்த்தம்" என்று உற்சாகமாக விளக்கினார்.

ஜெர்லின் எழுந்தாள். கூட்டப்புளி மீனவக் கிராமத்துப் பெண். அவள் அப்பா ரெக்சன் அதே நாட்டில்தான் மீன்பிடிப் படகில் கூலிக்குப் போயிருந்தார். அங்கே மறுபடியும் கலவரம் மூண்டு போனையும் நெட்டையும் நிறுத்தியதிலிருந்து அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இது சாருக்கும் தெரியும். பாடம் நடத்துகிற வேகத்தில் மறந்து தொலைத்திருந்தார்.

"சார், அந்தப் போட்டுக்குள்ள ஆளு இருந்தாங்களா?"

அவர் புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். வெறும் கறுப்புக் கோடுகள்.

"அவங்க முன்னாடியே கரையேறியிருப்பாங்கம்மா... அதாவது, வரைஞ்சவங்க என்ன சொல்ல வாராங்கன்னா..."

"எல்லாரும் இப்படித்தான் சார் சொல்லுதாங்க. சர்ச்சுல பங்குச்சாமி சொல்லுதாரு, அனுப்பி வச்ச ஏஜெண்டு சொல்லுதான், பக்கத்து வீட்டுச் சித்தி சொல்லுதா. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க சார்."

அவர் புத்தகத்தை மூடினார்.

"தெரியலம்மா" என்றார்.

இத்தனை நாள் அழாதவள் அப்போதுதான் அழுதாள். எழவு விழுந்த வீட்டில் அழுவதைப்போல, மேசையில் முகம் புதைத்து வாய்விட்டு அழுதாள். அவள் கேட்டது அந்தப் பதிலை அல்ல என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மற்றவர்கள் சொன்னதையே சார் இன்னும் கெட்டிக்காரத்தனமாக, நம்பும்படியாகச் சொல்லுவார் என்று இருந்திருக்கிறாள் பாவி மகள்.

சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியுமா? பெல் அடிக்கும்வரை அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.