நோட்டில் ஒன்றும் இல்லை!

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் மிக்கேல் நிற்கிறார். ஹார்பரில் கப்பலுக்கு மூட்டை ஏற்றுகிறவர். பக்கத்தில் அவர் மகள் ஜெசிந்தா, அழுத முகத்தோடு.

"அண்ணாச்சி, டீச்சர் இருக்காவளா?"

டீச்சர் என்றால் என் மனைவி லூர்து. பெண்கள் பள்ளியில் சயன்ஸ் நடத்துகிறாள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

லூர்து வெளியே வந்ததும் மிக்கேல் மகளின் நோட்டை விரித்துக் காட்டினார்.

"பாருங்க டீச்சர்... மூணு பக்கந்தான் எழுதியிருக்கா. மத்ததெல்லாம் வெள்ளை. கேட்டா, நீங்க நோட்ஸே குடுக்கதில்லங்கா. இதுக்கு எதுக்குப் பள்ளியோடம்? வீட்ல இருந்து தம்பி தங்கச்சியப் பாக்கட்டும். நாளையிலேந்து நிறுத்திருதேன்."

அவர் சொன்னது உண்மைதான். லூர்து நோட்ஸ் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். ஏன்?

காலாண்டுப் பரீட்சையில் நடந்த கூத்து அது. நோட்ஸ் சொல்லும்போது வாய் தவறி, 'நீரைவிட அடர்த்தி அதிகமான பொருள் மிதக்கும்' என்று சொல்லிவிட்டாள். வகுப்பே பரீட்சைத் தாளில் அதை அப்படியே எழுதி வைத்திருந்தது. ஒருத்திகூட, "அதெப்படி டீச்சர்?" என்று கேட்கவில்லை!

அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

"முன்னால கிளார்க் வீட்டுப் பிள்ளைக, கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக வந்துச்சு. நான் சொல்லுதத வீட்ல யாராவது வெளக்குவாக. இப்ப வாரது உப்பளத்து வீட்டுப் பிள்ளைக, வள்ளத்துல மீன்பிடிக்கப் போறவுக வீட்டுப் பிள்ளைக. ஹைஸ்கூல் வாசலை மிதிச்ச மொத ஆளே இதுகதான். வீட்ல யாருகிட்ட போய்க் கேக்கும்? பிள்ளைக மாறிட்டு. நான் மாறல."

மாறினாள். பாடம் சொன்னதும் ஒருத்தி இன்னொருத்திக்கு விளக்க வேண்டும். எதிரில் இருப்பவள் மடக்கிக் கேட்க வேண்டும். வகுப்பு மீன் மார்க்கெட் மாதிரி ஆனது. பக்கத்து வகுப்பு டீச்சர் முறையிட, தலைமை ஆசிரியை கூப்பிட்டுக் கண்டித்தார். இப்போது மிக்கேல்!

லூர்து வாதாடவில்லை. "ஏளா ஜெசிந்தா, அழாத. கப்பல் எப்படி மிதக்குன்னு அப்பாவுக்குச் சொல்லு" என்றாள். அவ்வளவுதான்.

பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு முற்றத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். ஓர் ஆணியைப் போட்டாள் — முழுகியது. தொட்டியோரம் இருந்த டம்ளரை மெல்ல வைத்தாள் — மிதந்தது.

"யப்பா, ஆணி கொஞ்சூண்டு தண்ணியத்தான் தள்ளும்; அந்தத் தண்ணியவிட ஆணி கனம். டம்ளரு நெறையத் தள்ளுது. எவ்வளவு தண்ணியத் தள்ளுதோ, அந்தத் தண்ணி எடைக்குத் தொட்டித் தண்ணி டம்ளரத் தூக்கிப் பிடிக்கும். கப்பலும் அப்படித்தான்."

மிக்கேல் குனிந்தார். கையால் கொஞ்சம் தண்ணீர் அள்ளி டம்ளருக்குள் விட்டார். டம்ளர் தாழ்ந்தது. இன்னும் கொஞ்சம் விட்டார்.

"அப்போ... மூட்டை ஏத்த ஏத்தக் கப்பல் எறங்குதே, அது?"

"பாரம் கூடுதுல்லாப்பா. அதைத் தாங்க இன்னும் தண்ணியத் தள்ளணும். அதான் எறங்குது."

"ரொம்ப ஏத்திட்டா?"

ஜெசிந்தா தொட்டியைப் பார்த்தாள். யோசித்தாள். "தண்ணி விளிம்புக்கு மேல வந்து உள்ள போயிரும்பா. அப்புறம் ஆணி கதைதான்!"

மிக்கேல் சிரித்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. "தெனம் பாக்கேன் டீச்சர். ஏன்னு எம் மவ சொல்லித்தான் தெரியுது" என்றார். கொஞ்சம் தயங்கி, "ஆனா பரீட்சையில எழுதிருவாளா?" என்று கேட்டார்.

"அவ வார்த்தையிலேயே எழுதுவா" என்றாள் லூர்து.

திங்கட்கிழமை ஜெசிந்தா வகுப்புக்கு வந்துவிட்டாள்.

பிள்ளைகளை ஃபெயில் ஆக்கிய ஆசிரியர்கள் ஊருக்கு ஊர் உண்டு. தன் பழைய முறையையே ஃபெயில் ஆக்கிய டீச்சர் என் வீட்டில்தான் இருக்கிறாள் — பீற்றிக்கொள்ளாமல் என்ன செய்ய?