எலியின் காதில் காளான்

போன வாரம் ஓர் எலியைப் பார்க்கப் போயிருந்தேன். அழிந்துபோன எலி!

பண்ணைக்காடு என்ற மலைக்கிராமத்துக்கு மேலே ஒரு ரிசார்ட். இந்த மலையில் எப்போதோ வாழ்ந்து மறைந்ததாக அவர்கள் சொல்லும் காட்டெலிக்கு அங்கே நினைவுப் பூங்கா. சில்வர் ஓக் மரத்தில் செதுக்கிய ஆளுயர எலி, சுற்றிலும் கம்பி வேலி, கிரானைட்டில் எட்டு வரிக் கவிதை. ‘ஓ... மண்ணின் மீசையே’ என்று தொடங்கும். எழுதியவன்? அடியேன்தான்.

‘காலடி படாதிருக்கட்டும் உன் காடு’ என்று உணர்ச்சிவசப்பட்டு முடித்திருந்தேன். ரிசார்ட்காரர்கள் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்.

வேலிக்குள்ளேதான் காளானும் முளைக்கிறது. மழை விட்ட காலையில் சருகை முட்டிக்கொண்டு, மண்ணுக்கடியிலிருந்து யாரோ வெள்ளைக் குடை நீட்டுவது போல... சாதாரணக் காளான். அதற்கு யார் கவிதை எழுதுகிறார்கள்?

கேட்டில் வெள்ளையம்மா நின்றிருந்தார். காட்டில் தேனும் கிழங்கும் எடுத்துப் பிழைக்கும் குடும்பம். மழைக்காலத்தில் அடுப்புக்கும் சந்தைக்கும் இந்தக் காளான்தான்.

“வெரசா தெறடா. வெயில் ஏறுனா விரிஞ்சு புழு வச்சிரும்.”

“பாஸ் இருக்கா அக்கா?” என்றான் வாட்ச்மேன். “எலி எடத்துல காலடி படக் கூடாதாம்.”

“ஏலே, செத்த எலிக்கு என்னலே தொந்தரவு?”

நான் கிரானைட்டை ஆராய்வது போல் திரும்பிக்கொண்டேன்.

உள்ளேயிருந்து மேனேஜர் ஓடிவந்தார். “அக்கா, எலி காதுல என்னமோ மொளைச்சுக் கெடக்கு! மத்தியானம் கெஸ்ட் வர்றாங்க, கொஞ்சம் பாருங்க!”

உள்ளே போய்ப் பார்த்தோம். காயாத பச்சை மரம். வார்னிஷ் கிடையாது. ஒரு மாத மழை. காதில், மீசையில், வாலில் – கொத்துக் கொத்தாகக் காளான்!

வெள்ளையம்மா ஒன்றைப் பிய்த்து முகர்ந்தார்.

“இது நாம திங்குறது இல்ல தம்பி. மரத்தைத் திங்குறது. இன்னைக்குப் பிடுங்குனா நாளைக்கும் வரும்.”

“அய்யோ... அப்புறம்?”

“மழை முடியுற மட்டும் தெனம் வெள்ளனே வந்து பிடுங்கிர்றேன். கேட்டை மட்டும் தெறந்து வைங்க.”

மேனேஜர் அங்கேயே பாஸ் எழுதிக் கொடுத்தார்.

எலியின் காதைச் சுத்தம் செய்துவிட்டு, வெள்ளையம்மா சருகுப் பக்கம் போனார். மொட்டுகளை மட்டும் எடுத்தார். விரிந்தவற்றை, அடுத்த மழைக்கு வித்தாகட்டும் என்று விட்டுவிட்டார். கூடை நிறைந்தது.

எலி போனது போனதுதான். எட்டு வரி என்ன, எண்பது வரி எழுதினாலும் வராது. காளான், கூப்பிடாமலே வருகிறது. நாமோ வராததற்கு வேலி போட்டு, வருவதை வெளியே நிறுத்துகிறோம்.

திரும்பும்போது வெள்ளையம்மா என்னிடம் மெல்லக் கேட்டார்: “சார், அந்த எலிக்கு வார்னிஷ் அடிக்கணும்னு யாரும் அவங்ககிட்டச் சொல்லிற மாட்டாங்கள்ல?”

நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்!