வெளிறிய தேன்சிட்டும் எங்கள் அக்காவும்

மாதா கோயில் திருப்பத்தில் தண்ணீர் லாரி சாய்ந்து, சனமெல்லாம் குடத்தோடு ஓடியதே, அந்தக் கோடையில்தான் அக்கா உடம்புக்கு முடியாமல் என் வீட்டுக்கு வந்தார். டிரைவருக்குக் கை ஒடிந்தது. குடத்தை நிரப்பிவிட்டுத்தான் அவரைத் தூக்கினோம். அப்படி ஒரு பஞ்சம். அது கிடக்கட்டும். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள்.

அக்கா பிறந்தது மொரப்பூர்ப் பக்கம், வாழப்போனது மாரண்டஹள்ளி. மாமா சீக்கிரமே போய்விட்டார். அக்கா வெயிலில் தக்காளி பறித்தே காலம் தள்ளினார். ஆனாலும் நிறம் குன்றாத முகம். ரத்தம் குறையும் நோய் வந்து முகம் வெளுத்த பிறகு, ஒரு கல்யாணத்தில் அக்காவின் சொந்த நாத்தனாரே என்னிடம், “இந்தம்மா யாருங்க, உங்க வூட்டு ஆளா?” என்று கேட்டார். அன்று அக்கா பந்தியில் உட்காரவில்லை.

எங்கள் வாசல் துணிக்கம்பியில் வருஷம் தவறாமல் தேன்சிட்டு கூடு கட்டும். மினுமினுப்பெல்லாம் ஆணுக்கு, பெட்டைக்கு வயிற்றில் மட்டும் மஞ்சள். அந்த வருஷம் வந்த பெட்டை சாம்பல் பூசியதுபோல் இருந்தது. வாசல் கட்டிலில் கிடந்த அக்கா தடியால் கம்பியை ஆட்டினார்.

“இது பழைய பெட்ட இல்லடா. எவளோ வேத்தாளு. வெரட்டி வுடு.”

கிட்டப்போய்ப் பார்த்தேன். இடது காலில் ஒரு விரல் இல்லை. முன்வருஷம் நூலில் சிக்கி அறுந்த விரல். நான்தான் பிரித்து விட்டேன்.

“அதேதாங்க்கா. மழ இல்ல, பூவு இல்ல, பூச்சி இல்ல. புது றெக்க மொளைக்கறப்ப மஞ்ச ஏறல.”

அக்கா தடியைக் கீழே வைத்தார்.

“அப்ப மழ பேஞ்சா அதுக்கு நெறம் வந்துரும்.”

“வரும்.”

“எனக்கு?”

தருமபுரி ஆஸ்பத்திரிக்கு எத்தனை முறை பஸ் ஏறினோமோ தெரியாது. ஏற்றிய ரத்தம் உடம்பில் நிற்கவில்லை. கடைசியில் கண்ணாடியைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டார். “நான் செத்தா, வர்றவங்க வேற யாரோன்னு நெனச்சுப் போயிருவாங்களாடா?” என்று தினமும் கேட்பார். இல்லை என்று சொல்லிச் சொல்லி என் வாய் ஓய்ந்தது.

அக்கா போன அன்று அதுவே நடந்தது. மாரண்டஹள்ளியிலிருந்து வந்த இரண்டு பேர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “உங்க அக்காவ எங்கீங்க வெச்சிருக்கீங்க?” என்று மெதுவாகக் கேட்டார்கள். நான் குனிந்து அக்காவின் தலைமாட்டுப் பூவைச் சரிசெய்தேன். மாலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள், அப்புறம் போய்விட்டார்கள். அதன் பிறகு மழை கொட்டியது. யாருக்கு வேண்டும் அது.

ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், குளிப்பாட்டிய பெண்களுக்கும், மாதா கோயிலில் பூசை வைத்த சாமியாருக்கும் கும்பிடு. அந்த இரண்டு பேரின் பெயர் எனக்குத் தெரியாது. மாரண்டஹள்ளிப் பக்கம் போகிறவர்கள் அவர்களைக் கண்டால் சொல்லுங்கள்: பெட்டியில் கிடந்தது எங்கள் அக்காதான்.