கவிழ்ந்த வண்டியை வாங்கினோம்

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, என் கணவர் குவைத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்திருந்த சமயம். நாகலாபுரம் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருந்தது. நிலம் என்று சொல்வது மரியாதைக்குத்தான். அரசாங்கம் மாமனாருக்குப் பட்டா கொடுத்த கல்லுமேடு அது. அதைச் சமப்படுத்தி வேர்க்கடலை போட, மண் தோண்டும் பழைய மினி பொக்லைன் வண்டி ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிவிடலாம் என்றார் இவர்.

"ஊருல எல்லாரும் பைக்கு வாங்கறாங்க, உனுக்கு பொக்லைன் கேக்குதா?" என்று சண்டை போட்டேன். எப்படியாவது தடுத்துவிட வேண்டும் என்றுதான் வண்டி விலைக்கு வந்திருந்த பாகாலாவுக்கு நானும் கூடவே போனேன்.

விற்பவர் முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண். தரகர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து புகழ்ந்தார். இவருக்குப் பிடித்துப் போய், அட்வான்ஸ் எடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டார். அப்போது அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அக்கா, வாங்கறதுக்கு முன்ன தெரிஞ்சிக்குங்க. இந்த வண்டி கவுந்துதான் எங்க வூட்டுக்காரு செத்துப்பூட்டாரு."

தரகர் தலையில் அடித்துக்கொண்டார். இவள் இப்படிச் சொல்லித்தான் வந்தவர்கள் எல்லாம் ஓடிப்போனார்களாம். ஓடாமல் என்ன செய்வார்கள்? உயிரைக் குடித்த வண்டியை யார் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்?

அவள் விடவில்லை. "மேட்டுல வண்டிய குறுக்கால நிறுத்திக்கினு, பக்கெட்டு நெறைய மண்ணோட பள்ளத்துப் பக்கம் திருப்பிட்டாருக்கா. உடனே பக்கெட்ட கீழ ஊனியிருந்தா பொழைச்சிருப்பாரு. ஆம்பளைங்க அவசரத்துல மறந்துடுவாங்க. நீங்க பாத்துக்கினே இருங்க."

அவள் கண் கலங்கவில்லை. என் கண்தான் கலங்கியது. "இவ்ளோ சொல்ற பொண்ணுகிட்ட வாங்காம வேற யாருகிட்ட வாங்கப் போற? அட்வான்ஸ் குடு" என்றேன். இவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

பூசணிக்காய் உடைத்து, சாமி கும்பிட்டு, இவரே வண்டியை ஓட்ட, வேலையை ஆரம்பித்தோம். விஷயம் தெரிந்து சொந்தக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் மதியம் சோறு எடுத்துப் போனேன். மேட்டில் வண்டி குறுக்காக நிற்கிறது, மண் நிறைந்த பக்கெட் பள்ளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது! கூடையைப் போட்டுவிட்டு, "பக்கெட்ட கீழ வுடு! கீழ வுடு!" என்று இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் காது கேட்டிருக்காது. என் கையைப் பார்த்துதான் சட்டென்று பக்கெட்டைத் தரையில் ஊன்றினார். எழும்பியிருந்த ஒரு பக்கத்துச் சங்கிலிச் சக்கரம் மெல்லத் தரையில் உட்கார்ந்தது. இறங்கி வந்தவர் கொட்டிக் கிடந்த சோற்றுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நானும்தான்.

மறுநாளே பஸ் ஏறிப் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். "நல்லா இருங்கக்கா" என்றாள். அன்றைக்குத்தான் அவள் அழுதாள்.

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவளுக்கு வண்டி என்றைக்கோ விலை போயிருக்கும். முன்பின் தெரியாத எங்களுக்காகத்தான் சொன்னாள். இன்றைக்கும் சாயங்காலம் இவர் செம்மண் சட்டையோடு வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம், தனக்குக் கிடைக்காத சாயங்காலத்தை எனக்குக் கொடுத்தவளை நினைத்துக்கொள்கிறேன்.