கறையான் தமிழ்ச்செல்வி

தமிழ்ச்செல்வி அக்கா கதவு நிலையில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினால் போதும், கடலூரிலிருந்து கம்மாபுரம் வரைக்கும் உள்ள கறையான்கள் மொத்தமும் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு ஆந்திராவுக்கு ரயில் ஏறிவிடும். வயிறு பெருத்து நடக்க முடியாத ராணிக் கறையானை நாலு கறையான்கள் தோளில் தூக்கிக்கொண்டு, முதுநகர் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் மூச்சு வாங்க நின்றதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பார்த்தவர் ஒருவர்தான். அவர் தமிழ்ச்செல்வி அக்கா.

இப்போதும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார். சிதம்பரத்தில் கதிரவன் வீட்டு வாசல் நிலையில் காதை ஒட்டவைத்து, கண்ணை மூடி, கீழிருந்து மேலாக ஒவ்வொரு சாணுக்கும் ஒரு தட்டு. “இது கட்ட. இது கட்ட. இது காயிதம்.” காயிதம் என்ற இடத்தில் கட்டைவிரலை அழுத்தினார். பளபளவென்று வர்ணம் பூசியிருந்த மரம் அப்பளம்போல நொறுங்கி விரல் உள்ளே போய்விட்டது. எட்டு வருடத்துக்கு முன் கடன்பட்டு வீட்டைக் கட்டிய கதிரவனின் முகமும் கூடவே நொறுங்கியது.

தட்டுவதற்கு அவருக்கு இடம் பொருள் கிடையாது. நாத்தனார் மகள் கல்யாணத்தில் மணமேடைக் கால்களைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அட்சதை போட்டார். காய்ச்சலுக்கு ஊசி போடப் போன இடத்தில் டாக்டரின் மேஜையைத் தட்டி, முகத்தைச் சுளித்தார். டாக்டர் மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு இவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டார். அந்த டாக்டரின் போனில் மட்டுமல்ல, மாவட்டத்தில் பல பேர் போனில் அவருக்கு ஒரே பெயர்தான்: கறையான் அக்கா. போனை எடுத்தால் அவரும் வணக்கம் சொல்வதில்லை. “சொல்லுங்க, கறையான்” என்பார்.

வயது நாற்பத்து மூன்று. சுடிதாருக்கு மேலே வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை, கழுத்துப் பித்தான் வரைக்கும் பூட்டியது. கையில் உறை, வாயில் கவசம். காலில் இரண்டு அளவு பெரிய ரப்பர் பூட்ஸ், முனையில் பழந்துணி அடைத்தது. பொம்பளை காலுக்கு எவனும் பூட்ஸ் செய்வதில்லை என்பது அவருடைய நிரந்தரப் புகார். டிவிஎஸ் எக்ஸெல்லின் முன்னால் டிரில் மிஷின், பின்னால் பம்பு, பக்கத்துக்கு ஒரு கேன், குழாய்ச் சுருள் தோளில் குறுக்காக. இத்தனையும் வந்து வாசலில் இறங்கியபிறகும் வீட்டுக்காரர்கள் தெருமுனையை எட்டிப் பார்த்து, ஆள் எப்போது வரும் என்று கேட்பார்கள். “நாந்தாங்க ஆளு.”

கடலூர் ரசாயன ஆலைகளை ஒட்டிய குடிகாட்டில் பிறந்து வளர்ந்ததால் தன் மூக்கு தனி மூக்கு என்பது அவர் கட்சி. நாலு டப்பாவை மூடி திறக்காமல் நீட்டினாலே, எது எறும்பு மருந்து, எது கொசு மருந்து, எது கறையான் மருந்து, எது அவர் வீட்டுக்காரர் பரணில் ஒளித்துவைத்த குவார்ட்டர் என்று சொல்லிவிடுவாராம். நாலாவதைக் கண்டுபிடிக்கப் பழகியதில்தான் மற்ற மூன்றும் தானாக வந்துவிட்டது என்கிறார்.

எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான். “கெணறு எங்க இருக்கு?” கிணறோ அடிபம்போ, அதைச் சுற்றித் தன் கணக்குக்குத் தூரம் விட்டு, கோலமாவால் ஒரு வட்டம் போடுவார். வட்டத்துக்குள் ஒரு சொட்டு விழக்கூடாது. அங்கேயும் சேர்த்து ஊற்றும்மா என்று பிடிவாதம் பிடித்த ஒருவர் வீட்டில், கலக்கிய மருந்தோடு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனவர் அவர். “கறையான் கதவத்தான் தின்னும். இது கெணத்துல எறங்குச்சுன்னா ஆளயே தின்னும்” என்றாராம்.

அடுத்தது வானம். மேகத்தைப் பார்த்து, இன்றைக்கும் நாளைக்கும் மழை இல்லை என்று அவருக்குத் தோன்றவேண்டும். தோன்றினால் மண்வெட்டி. சுவரை ஒட்டி வீட்டைச் சுற்றிலும் முழங்கை ஆழத்துக்கு வாய்க்கால். வாய்க்காலின் அடியில் கம்பியால் அரை அடிக்கு ஒரு குத்து. டிரம்மில் தண்ணீர், அளவுக் குவளையில் கோடு பார்த்து மருந்து, அது பால்போல வெளுக்கும்வரை ஒரு குச்சியால் கலக்கல். கலக்கி முடித்ததும் குச்சியை நாலாக முறித்து வண்டிப் பையில் போட்டுக்கொள்வார். விட்டால் மருந்து ஊறியது தெரியாமல் யாராவது அதைக் கொடிக்கம்பாக்கிவிடுவார்களாம். பிறகு ஊற்றல். பாதி மண்ணைத் தள்ளி மறுபடி ஊற்றல். மண் குடிக்கிற சத்தத்தை நின்று கேட்பார். சிதம்பரத்துக் களிமண் சாவகாசமாகக் குடிக்கும், கடலூர் மணல் மடக்கென்று குடித்துவிட்டு இன்னும் ஜாஸ்தி கேட்கும் என்று மண்ணைப்பற்றிச் சொந்தக்காரர்களைப்பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்.

வீட்டுக்குள்ளே தரையும் சுவரும் சேர்கிற இடத்தில் அடிக்கு ஒரு துளை. ஒவ்வொன்றிலும் மருந்தை ஏற்றி, வெள்ளைச் சிமெண்டால் அடைத்து, அதன்மேல் கட்டைவிரலால் ஓர் அழுத்து. இதற்குப் பூட்டு என்று பெயர். கதிரவன் வீட்டில் நூற்று எண்பத்தாறு பூட்டு. நூற்று எண்பத்தாறிலும் தமிழ்ச்செல்வி அக்காவின் ரேகை.

கறையான்மேல் அவருக்குப் பகை ஒன்றும் கிடையாது. முதல் மழைக்குச் சிறகு முளைத்து விளக்கைச் சுற்றும் ஈசலை, அண்டாத் தண்ணீரில் விழவைத்து, சிறகு புடைத்து, அரிசியோடு வறுத்து, டிபன் பாக்ஸில் கொண்டுவருவார். பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு பிடி கொடுப்பார். “வருசம் பூரா சோறு போடுது. மழைக்கு மட்டும் நொறுக்குத்தீனி.”

புதுச்சேரிக் கம்பெனி ஒன்றில் பதினொரு வருடம் வேலை செய்தவர். தோண்டியது, கலக்கியது, ஊற்றியது எல்லாம் அவர். உத்தரவாதக் கடிதத்தில் கையெழுத்து மட்டும் சூப்பர்வைசருடையது. எட்டு மாதம் முன்பு விலகித் தனியாக வந்தார். வந்தபிறகு கிடைத்தவை ஒரு குளியலறை, ஒரு உரக் கிடங்கு, ஒரு மளிகைக்கடை. முழுசாக ஒரு வீடு என்றால் கதிரவன் வீடுதான்.

அதற்கு அடுத்ததாக அவர் கண்வைத்திருந்தது முதுநகரில் ஜொஹரா பீவியின் வீடு. மூன்று கட்டு, பதினாலு பர்மாத் தேக்குக் கதவு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் டை கட்டிய கம்பெனிக்காரர்களை அனுப்பிக்கொண்டே இருக்க, பீவியம்மா தமிழ்ச்செல்வி அக்காவிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். “நீ செஞ்ச வூட்ட காட்டு. இருவது நாள் கழிச்சு காட்டு. மறுநாளு எல்லாச் செவுரும் நல்லாத்தான் இருக்கும்.” அந்த வீடு கிடைத்தால் பம்பை வாடகைக்கு எடுக்கவேண்டியதில்லை. கடிதத்தில் தன் பெயரை அச்சடித்துக்கொள்ளலாம். அவர் அதற்கான எழுத்துவகையைக்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டார்.

கதிரவன் வீட்டில் மூன்றாம் நாள் வேலை முடிந்ததும், பம்பைக் கழுவிக்கொண்டே ஒரு சவால் விட்டார். “அஞ்சு வருசத்துக்கு இந்த வூட்டுச் செவுத்துல கறையான் ஏறுன மண்கோடு ஒண்ணு வந்துச்சுன்னா நான் எம் பேர மாத்திக்கிறேன். நீயே ஒரு பேரு வையி.” சொன்னது கதிரவனின் மகள் இளவரசியிடம். இதை எழுதுகிறவள் அவள்தான். பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பக்கத்து வீட்டு அழைப்புமணியை அழுத்திவிட்டு ஓடுவதில் மேற்படிப்பு படிக்கிறவளிடம் இப்படி ஒரு சவாலை விட்டிருக்கக் கூடாது.

இளவரசி பத்தொன்பது நாள் பொறுத்தாள். பம்புச் சத்தமும் கறையான் கதையும் போனபிறகு வீடு சப்பென்று கிடந்தது. சனிக்கிழமை மதியம் சுவரோரத்து மண்ணை ஒரு பிடி அள்ளி, வடிகஞ்சி விட்டுக் குழைத்து, கொல்லைச் சுவரில் பேஸ்மட்டத்திலிருந்து மேலே ஒன்றரை அடிக்கு ஆள்காட்டி விரலால் ஒரு கோடு இழுத்தாள். நடுவில் ஒரு நெளி, மேலே ஒரு கிளை. அசல் தோற்றது. படம் எடுத்து அனுப்பினால் நாளைக்கே வண்டி வந்து நிற்கும், சிரித்துக்கொள்ளலாம், புதுப் பெயரையும் சூட்டிவிடலாம். அமராவதி என்று முடிவு செய்திருந்தாள்.

படம் அனுப்பவில்லை. அதற்குமுன் ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி தானாகவே வந்து நின்றது. பின்னாலேயே ஆட்டோவில் ஜொஹரா பீவி. இருபதாவது நாள். அவர்கள் வருவது கதிரவனுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

பீவியம்மா குடைமுனையால் நிலைகளைத் தட்டிக்கொண்டே அறை அறையாக நடந்தார். தமிழ்ச்செல்வி அக்கா பக்கத்தில் நடந்து, ஒவ்வொரு பூட்டாகக் காட்டினார். அன்றைக்கு அவர் புடவை கட்டியிருந்தார், பூட்ஸ் இல்லை, நடையில் ஒரு துள்ளல். இளவரசி கொல்லைக்கு ஓடிப்போய்க் கோட்டைத் துடைத்துவிடலாம் என்று திரும்பியபோது, அப்பா டம்ளர்களைக் கையில் திணித்து டீ கொடுக்கச் சொன்னார். டீ கொடுத்து முடித்தபோது குடைமுனை கொல்லைச் சுவரில் நின்றிருந்தது.

“இது என்ன புள்ள?”

கதிரவன் பார்த்தார். ஐந்து வருஷம் என்று சொன்னாயே அம்மா, ஐந்து வாரம்கூட ஆகவில்லையே என்று அவர் முனகியது எல்லாருக்கும் கேட்டது. தமிழ்ச்செல்வி அக்காவின் கழுத்தில் வியர்வை பொட்டுப் பொட்டாக எழும்பியதை இளவரசி பார்த்தாள். “அக்கா” என்று ஆரம்பித்தாள். அதற்குள் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

“எந்த எடத்த விட்டேன்னு பாக்குறேன் பீவிம்மா. தப்பு எம்மேலன்னா என்ன கூப்புட வேணாம். ஆனா இந்த வூட்ட மறுபடி மொத்தமும் தோண்டிட்டுத்தான் போவேன்.”

புடவையோடு மண்டியிட்டார். சுவரைத் தட்டினார். பேஸ்மட்டத்தின் விளிம்பை விரலால் தடவிப் பிளவு தேடினார். இல்லை. கோட்டின் நடுவில் நகத்தால் ஒரு சில்லுப் பெயர்த்தார். பெயர்த்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு இடத்தில் பெயர்த்தார். பிறகு சில்லை மூக்கருகே கொண்டுபோனார்.

அந்த மூக்கு அங்கேயே நின்றது. தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறார் என்றுதான் இளவரசி நினைத்தாள். திரும்பியபோதுதான் சிரிப்பு தெரிந்தது.

“பீவிம்மா, கறையான் ரோடு போடாது, சொரங்கந்தான் போடும். உள்ள அது போவ வர வழி இருக்கணும். இது கெட்டி. சரி, அதயும் வுடுங்க. இந்த மண்ண மோந்து பாருங்க. நான் ஊத்துன மருந்துல ஊறுன மண்ணு, இருவது நாளாகியும் வாட போவல. இத ஒரு வாயி கவ்வுச்சுன்னா அடுத்த வாய்க்கு அது உசுரோட இருக்காது. இதுல எங்க போயி வூடு கட்டும்?”

பீவியம்மா வாங்கி முகர்ந்தார். தும்மினார். கதிரவனும் முகர்ந்தார். அப்படியானால் இதைப் பண்ணியது யார் என்று பீவியம்மா கேட்டார்.

“ரெண்டு காலு உள்ள கறையான், பீவிம்மா. அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல.”

ஜொஹரா பீவி சுவரையும் பார்த்தார், சுவரோடு சுவராக ஒட்டி நின்ற இளவரசியையும் பார்த்தார். குடையை விரித்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த மறுநாள் வந்துவிடவேண்டும், கொல்லைக் கதவிலிருந்து ஆரம்பிக்கவேண்டும் என்று ஆட்டோ ஏறும்வரை சொல்லிக்கொண்டே போனார். “இன்ஷா அல்லா, உம் பேருலயே கடுதாசி குடு. அந்த டை கட்டுன பயலுக பேரு வேணாம்.”

ஆட்டோ திரும்பும் சத்தத்தில் இளவரசி மெல்லச் சமையலறைப் பக்கம் நழுவினாள். திரும்பிப் பார்க்காமலே தமிழ்ச்செல்வி அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போய், அவளுடைய ஆள்காட்டி விரலைப் பிரித்து, சுவர்க் கோட்டின்மேல் படுக்கவைத்தார். அகலம் அச்சாகப் பொருந்தியது.

“என்ன பேரு வச்சிருந்த?”

“அமராவதி.”

“நல்லாத்தான் இருக்குது” என்றார். பிறகு குரல் மாறியது. “வெறுங்கையாலயா அள்ளுன?”

இளவரசி தலையை ஆட்டினாள். குழாயடிக்கு இழுத்தார். சோப்பை நுரைக்கத் தேய்த்து, ஒவ்வொரு விரலாக, நகத்தின் அடிவரைக்கும், துளை அடைக்கிற கவனத்தோடு கழுவினார். கழுவிய விரலை மூக்கருகே தூக்கி முகர்ந்தார். மறுபடி சோப்பை எடுத்தார்.