அப்பா சொல்லாமல் வைத்திருந்த மரணம்

இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அட்டையில் அவருடைய ராணுவ உடைப் படத்தை எதிர்பார்த்திருப்பீர்கள். அதைப் போட வேண்டாம் என்று அப்பாவே கேட்டுக்கொண்டார். அதனால் வங்கிக் காவலாளியாக இருந்தபோது எடுத்த படத்தைப் போட்டிருக்கிறோம்.

நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதுவதுதான் வழக்கம். இந்தக் கட்டுரையைப் படித்துப் பார்த்த தம்பி, "அக்கா, வீட்டுல நடந்ததெல்லாம் ஊருக்கு எதுக்கு? அப்பாவ நாமளே இறக்கிக் காட்டணுமா?" என்று வருத்தப்பட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. ஆனால் இதை அச்சில் போடச் சொன்னவர் எங்கள் சித்தி. சித்தி என்று நான் எழுதுவது அப்பாவின் ஒரே தம்பியான சித்தப்பாவின் மனைவியை. அவர் கேட்டால் மறுக்க இந்தக் குடும்பத்தில் யாருக்கும் வாயில்லை.

அப்பா பிறந்தது கீரப்பாளையத்தை அடுத்த சிற்றூரில். சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை நிலம் கொஞ்சம். ஒரு வருடம் தண்ணீர் வராது, மறு வருடம் தண்ணீர் வடியாது. பள்ளி இறுதி வகுப்பு முடித்த கையோடு கடலூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் வரிசையில் நின்று ராணுவத்தில் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து விடுப்பில் வந்தபோது சித்தப்பாவையும் அழைத்துப் போனார். சித்தப்பா ஒல்லி. எடை தேறாது என்று தெரிந்து, திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வாங்கி ஒன்று விடாமல் தின்ன வைத்து, மேலே ஒரு செம்புத் தண்ணீரையும் குடிக்க வைத்து வரிசையில் நிறுத்தினாராம். எடை போட்டு முடித்ததும் சித்தப்பா மைதானத்து ஓரத்தில் போய் அவ்வளவையும் வாந்தி எடுத்தார். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அப்பா சிரிப்பார். கடைசி வரியில் மட்டும் சிரிப்பு நின்றுவிடும். அதற்குக் காரணம் போன வருடம்தான் எனக்குத் தெரிந்தது.

சித்தப்பாவுக்கும் சித்திக்கும் கல்யாணம் நடந்தது எழுபத்தொன்றாம் ஆண்டுப் போருக்குச் சில மாதங்கள் முன்னால். சித்தி சிதம்பரத்துப் பெண். அப்போது பதினெட்டு வயது. அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது ஒரே ஒரு விடுப்பு, அதாவது ஒரு மாதத்துக்கும் குறைவு. போர் தொடங்கியது. அண்ணனும் தம்பியும் ஒரே படைப்பிரிவில் கிழக்கு எல்லைக்குப் போனார்கள். அண்ணன் மட்டும் திரும்பி வந்தார்.

சித்தப்பாவைக் காணவில்லை என்று கடிதம் வந்தது. இறந்தார் என்று அதில் இல்லை. கடிதத்துக்குப் பின்னால் அப்பா விடுப்பில் வந்தார். வாசலில் நின்ற சித்தி பையைக்கூட வாங்காமல், "மாமா, அவரு எங்க?" என்று கேட்டாராம். அப்பா, "புடிச்சிட்டுப் போயிருப்பாங்கம்மா. கைதிங்கள விடும்போது வந்துடுவான்" என்றார். கைதிகளை விட்டார்கள். சித்தப்பா வரவில்லை. இன்னும் சிலரை விடவில்லையாம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், சித்தி அதைப் பிடித்துக்கொண்டார்.

ஏழெட்டு ஆண்டுகள் ஓடின. சித்தியின் அண்ணன் ஒரு வரன் கொண்டு வந்தார். சேத்தியாத்தோப்புப் பக்கம், மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை, நல்ல மனிதர். எங்கள் பக்கத்தில் அறுத்துக் கட்டி மறுமணம் செய்வது புதிதல்ல, குறை பேசவும் யாரும் இல்லை. சித்தி யோசித்தார் என்று, உயிரோடிருந்தபோது அம்மா சொல்லியிருக்கிறார். அழுதுகொண்டே யோசித்தாராம். அப்பா அப்போது விடுப்பில் இருந்தார். எல்லோரும் கூடியிருக்க, சித்தி அப்பாவிடம் வந்து நின்று கேட்டார்.

"மாமா, நீங்க கூட இருந்தவரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அவரு இருக்காரா, இல்லியா?"

"இருக்கான்மா" என்றார் அப்பா.

வரன் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு சித்தியிடம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற அப்பா வங்கியில் காவலாளி வேலைக்குச் சேர்ந்து, திருப்பாதிரிப்புலியூரில் வீடு பார்த்து எங்களை அழைத்து வந்தார். சித்தியையும் கூப்பிட்டார். "அவருக்குத் தெரிஞ்ச விலாசம் இதுதான் மாமா" என்று சித்தி ஊர் வீட்டிலேயே தங்கிவிட்டார். தையல் மெஷின் வைத்துப் பிழைத்தார். பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் வேலை, விதவைகளுக்கு முன்னுரிமை என்றார்கள். நேர்காணலில் கேட்டதற்கு, "நான் விதவை இல்லீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். குடும்ப ஓய்வூதியம் வாங்க, கணவர் இறந்ததாகக் கருத ஒப்புக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அதையும் போடவில்லை.

அப்பாவைப் பற்றி நல்லதும் எழுத வேண்டும், அதுவும் பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் பிடித்துச் சிதம்பரம் போய், அங்கிருந்து கீரப்பாளையம் போய்ச் சித்தியைப் பார்த்துவிட்டு வருவார். கூரை மாற்றினார், பம்பு வைத்துக் கொடுத்தார், மெஷினுக்கு எண்ணெய்கூட அவரே போடுவார். படையில் இறந்தவர்களின் மனைவிமார் எத்தனையோ பேருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, கலெக்டர் அலுவலகம் வரை கூடப் போய் வந்தவர். குடித்ததில்லை. எங்களை அடித்ததில்லை. எங்கள் ஊர் வாய்க்காலில் மீன் மாதிரி நீந்தியவர், போருக்குப் பிறகு தண்ணீரில் இறங்கவே இல்லை. கடற்கரைக்கு அழைத்துப் போனால் செருப்பைக் கழற்றாமல் தூரத்திலேயே நிற்பார். ஆடிப்பெருக்குக்குக் கூட வீட்டு பாத்ரூமில்தான் குளியல். பட்டாளத்து ஆளின் கிறுக்கு என்று நாங்கள் கேலி செய்வோம். நினைத்தால் இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ரேஷன் கார்டை மாற்றியபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். சித்தியின் பழைய கார்டில் குடும்பத் தலைவர் சித்தப்பா. புதுக் கார்டுக்கு அவருடைய ஆதார் கேட்டார்கள். தாலுகா அலுவலகத்தில் இருந்தவர் பொறுமையாகத்தான் சொன்னார்: "ஆதார் குடுங்க, இல்ல இறப்புச் சான்று குடுங்க. ரெண்டும் இல்லன்னா பேரை எடுத்துதான் ஆவணும்." அப்பா வெளியிடத்தில் குரல் உயர்த்தி நான் கேட்டது அன்று மட்டும்தான். "சாவாத மனுஷனுக்கு எங்கய்யா சான்று வாங்குறது?" என்று மேசையைத் தட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். பெயரை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் வெளியே வந்ததும் சித்தி அப்பாவுக்கு டீ வாங்கிக் கொடுத்து, "மாமா இருக்குற வரைக்கும் எனக்கு பயமில்ல பாப்பா" என்று என்னிடம் சொன்னார். அப்பா அந்த டீயைக் குடிக்கவில்லை.

சென்ற ஆண்டு அப்பாவுக்கு மூச்சுத் திணறல் அதிகமாகிக் கடலூர் அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்றாம் நாள் மதியம் தம்பி சாப்பிடப் போயிருந்தான். அப்பா என் கையைத் தட்டிக் கூப்பிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உன் சித்தப்பன் செத்துட்டான் பாப்பா. எனக்குத் தெரியும். விடியற நேரம், ஒரே பனி. ஆத்தத் தாண்டிக்கிட்டிருந்தோம். சுட்டானுவ. படகு கவுந்துடுச்சி. அவன் முதுகுல மூட்டை. என் தோளப் புடிச்சான். ரெண்டு பேரும் உள்ள போனோம். நான் உதறிட்டேன்."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"மறுபடி புடிச்சான். அண்ணேன்னான். மறுபடியும் உதறிட்டேன். அப்புறம் அவன் புடிக்கல."

மேலதிகாரிகளிடம், பனியில் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். சித்தியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "செத்துட்டான்னா, எப்படின்னு கேப்பா" என்றார். குண்டு பட்டது என்றாவது சொல்லியிருக்கலாமே என்று கோபமாகவே கேட்டேன். சாகக் கிடக்கிறவரிடம் கோபப்பட்டோமே என்று இன்றும் உறுத்துகிறது. அவர், "மொதல்ல வாயில வந்தது வந்துடுவான்ங்கிறதுதான். அப்புறம் அதையேதான் சொல்ல வேண்டியதாப் போச்சி" என்றார். "நான் போனப்புறம் அவகிட்ட சொல்லிடு. இருக்கும்போது வேணாம். அவ மூஞ்சியப் பாக்க முடியாது என்னால" என்றும் சொன்னார். இரண்டு நாளில் போய்விட்டார். சித்தி தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டு அழுதார். அப்பாவுக்காக அவ்வளவு அழுதவர் வேறு யாரும் இல்லை. நான் தூணோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கருமாதி முடிந்த பின் ஊர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். சித்தி மெஷினில் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை மெஷினிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தண்ணி ஆழமா?" என்று கேட்டார்.

"ஆழம்தானாம் சித்தி."

"அவரு ஏதாவது சொன்னாராமா?"

"அண்ணேன்னு மட்டும் கூப்பிட்டாராம்."

"எம் பேரச் சொல்லலியா?"

சொன்னார் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. ஒரே ஒரு சொல், யாருக்கும் நஷ்டமில்லை. அப்பாவுக்கும் அன்று வாசலில் இப்படித்தான் தோன்றியிருக்கும். "இல்ல சித்தி" என்றேன்.

சித்தி ஜாக்கெட்டை மெஷினிலிருந்து எடுத்து மடித்தார். "தாலுகா ஆபீஸ்ல சத்தம் போட்டாரே பாப்பா. அதுவும் தெரிஞ்சேதான் போட்டாரா?" நான் தலையாட்டினேன். "தம்பிய உதறுனத நான் கேக்கல. உசுருக்குப் போராடும்போது யாரு என்ன பண்ணுவாங்கன்னு யாருக்குத் தெரியும்? எனக்கு இருபத்தஞ்சி வயசுல கூட்டத்துல நின்னு கேட்டேன்டி. கெஞ்சிக் கேட்டேன். அன்னிக்கு எந்தத் தண்ணியில முழுவுனாரு?" என்றார்.

சித்தப்பாவுக்குத் தர்ப்பையால் உருவம் செய்து கொள்ளி வைத்து, முறைப்படி காரியம் செய்தோம். கொள்ளி வைத்தவன் என் தம்பி. தாலி வாங்கும் சடங்குக்குப் பூவும் வளையலுமாகப் பெண்கள் வந்தார்கள். "எவளும் கிட்ட வரக்கூடாது. நானே கட்டிக்கிட்டிருந்தது, நானே எடுத்துக்குறேன்" என்று சித்தி அவர்களைத் திருப்பி அனுப்பினார். எழுபதைத் தாண்டியவர். சரட்டின் முடிச்சை அவிழ்க்க விரல் ஒத்துழைக்கவில்லை. யாரையும் தொட விடாமல் தாமாகவே அவிழ்த்து முடித்தார்.

அப்பாவின் நோயில் உடனிருந்த அரசு மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், ஆம்புலன்ஸ் வரத் தாமதமானபோது காரில் ஏற்றிப் போன எதிர்வீட்டுப் பாய் குடும்பத்துக்கும், இறுதி ஊர்வலத்தில் தேசியக் கொடி போர்த்திச் சல்யூட் வைத்த முன்னாள் படைவீரர் நண்பர்களுக்கும், காரியங்களில் முன்னின்ற மாமா, மச்சான் முறை உறவுகளுக்கும் எங்கள் நன்றி. சிதம்பரத்திலிருந்து வரன் கொண்டு வந்து வெறுங்கையோடு திரும்பிய சித்தியின் அண்ணன் இன்று இல்லை. அவர் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சித்தியைப் பார்க்கும்போதெல்லாம் "வந்துடுவாரு" என்று ஆறுதல் சொன்ன நம் உறவினர்கள் அனைவரும் இனி அப்படிச் சொல்ல வேண்டாம். ஊருக்கே தெரியட்டும் என்று இதை அச்சில் போடச் சித்தி சொன்னது அதற்காகத்தான்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்தக் கட்டுரையைச் சித்தியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். அப்பாவைப் பற்றி நல்லவிதமாக எழுதிய பகுதியை அடித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். அதுவும் நெசந்தான், இருக்கட்டும்" என்று காகிதங்களை மடித்து என் கையில் கொடுத்தார். "ஆனா நான் உங்கப்பா தெவசத்துக்கு வரமாட்டேன் பாப்பா. எலைய எண்ணும்போது என்னைச் சேக்காத."

இப்படிக்கு,
மகள்